தேனடை மலையை இழுத்த பம்பு

கருங்கல்மேட்டில் லாரிக்கு வைத்தியம் பார்க்கிற ஆட்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள், ஆனால் டீசல் பம்பு என்று வந்துவிட்டால் வசந்தாமணிதான், அதில் எவனுக்கும் மறுபேச்சில்லை. கோயமுத்தூர்ப் பட்டறை ஒன்றில் வேலை பழகி, ஊரின் மேற்குக் கடைசியில், மலைரோடு பிரிகிற இடத்தில், தகரம் வேய்ந்து, தரைக்குக் காங்கிரீட் கொட்டி, பம்பைச் சோதிக்கிற பெஞ்சை அதன்மேல் ரசமட்டம் பிடித்து ஆடாமல் அசையாமல் நட்டு அவள் கடை போட்டபோது, "பொம்பள பம்பு வெச்சா வண்டி வெக்கப்பட்டுக்கிட்டு ரோட்டோரமா நிக்கும்டா" என்று டீக்கடையில் கெக்கலி கொட்டியவர்கள்தான், பிற்பாடு வண்டியை அவள் கடைமுன் வரிசையில் விட்டுவிட்டு அதே டீக்கடையில் நாளெல்லாம் காத்துக் கிடந்தார்கள். டீசல் பம்பு என்பது இஞ்சினுக்குச் சோறூட்டுகிற கை. எந்த சிலிண்டருக்கு எப்போது எத்தனை சொட்டு என்று அதுதான் அளந்து ஊட்ட வேண்டும்; கூடினால் புகை, குறைந்தால் நொண்டல். வசந்தாமணி வைத்த பம்பில் கூடுதலும் கிடையாது, குறைச்சலும் கிடையாது.

எந்த வண்டி வந்தாலும் அவள் கேட்பது ஒரே கேள்வி. "மைலேஜா, இழுவையா?" டீசலைக் குறைத்து ஊட்டினால் மைலேஜ், வாரி ஊட்டினால் இழுவை, இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், இஞ்சின் என்பது கண்டுபிடித்த நாளிலிருந்து அப்படித்தான். ஓனர்கள் மைலேஜ் என்பார்கள், டிரைவர்கள் இழுவை என்பார்கள், இரண்டும் வேண்டும் என்று பல்லைக் காட்டுகிறவனிடம் அவள், "அதுக்கு வேற கடை இருக்குதுங்க, ஆனா அந்தக் கடைய இன்னும் யாரும் தொறக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிடுவாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் ஒருநாள் அறப்பளி தன் லாரியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். தேனடை மலையின் உச்சியில் பலாக்காட்டூர் என்று ஒரு ஊர், அந்த ஊருக்கு இருந்தது ஒரே வண்டி, அந்த வண்டிக்கு இருந்தது ஒரே டிரைவர், அவன்தான் ஓனர், அவன்தான் கிளீனர். மேலே போகும்போது அரிசி, சிமெண்டு, தகரம், சனம். கீழே வரும்போது பலாப்பழம், மிளகு, மரவள்ளிக் கிழங்கு, அதே சனம். பாதி மலையில் கும்பிடு வளைவு என்று ஒரு கொண்டையூசி வளைவு உண்டு. அந்த இடத்தில் லாரி மூச்சுத் திணறி நின்றுவிடும், ஏறியிருந்த சனமெல்லாம் இறங்கி, வளைவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கும். பலாக்காட்டூரில் இரண்டு தலைமுறை அப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்தது.

"மைலேஜா, இழுவையா?" என்றாள் வசந்தாமணி.

"இழுவைதானுங்க அம்மிணி."

"எவ்வளவு?"

அறப்பளி திரும்பி மலையைப் பார்த்தான். கருங்கல்மேட்டிலிருந்து பார்த்தால் அது அப்போதெல்லாம் தூரத்தில் நீலமாகப் படுத்துக் கிடக்கும், இடையில் கண்ணுக்கு எட்டிய மட்டும் கடலைக்காடு. "மலையளவு வெச்சுக் குடுங்க" என்றான்.

"ஏனுங்ணா, அத்தனை எதுக்கு?"

"எம்புள்ள தங்காயி இங்க கீழதானுங்க ஆறாப்புப் படிக்குது, ஆஸ்டல்ல இருந்துக்கிட்டு. ஏறி எறங்கறதுக்கே நாளு போயிருது, மாசம் ஒருக்காத்தான் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போவ முடியுது. திருப்பிக் கொண்டாந்து உடறப்ப ஆஸ்டல் கேட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு கைய எடுக்கவே மாட்டேங்குதுங்க. நாந்தான் வெரல் வெரலா எடுத்து உடறன்." அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வண்டி கொஞ்சம் வெரசா ஏறுச்சுன்னா வாரா வாரம் கூட்டிட்டுப் போயிருவன்."

வசந்தாமணி ஸ்பேனரை எடுத்தாள். பம்பை இறக்கிப் பெஞ்சில் மாட்டி, சிலிண்டருக்கு ஒன்றாக டீசலைத் தள்ளுகிற ஆறு சின்னப் பிளஞ்சர்களையும் கழற்றி எறிந்துவிட்டு, ஆழ்துளைக் கிணறு போடுகிற ராட்சச வண்டி ஒன்றிலிருந்து எடுத்து எண்ணெய்த் துணியில் சுற்றிவைத்திருந்த தடித்த பிளஞ்சர்களைப் போட்டு, பாலுக்கு அழுகிற பிள்ளைக்குப் பதமாகச் சங்கு பிடிப்பதுபோல ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி அளவு கூட்டி, நாசிலுக்குத் தகடு வைத்து பீய்ச்சலை இறுக்கி, இஞ்சின் வேகத்துக்குக் கடிவாளம் போடுகிற கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றி, கடைசியாக அந்த ஸ்குரூவுக்கு வந்தாள். டீசல் இதற்குமேல் போகக் கூடாது என்று தடுத்து நிறுத்துகிற ஸ்குரூ அது. புகை கறுக்கிற இடத்தில் நிறுத்தி நட்டை இறுக்குவதுதான் தொழில் முறை, அவள் கை அதைத் தூக்கத்தில்கூடச் செய்யும். ஆனால் கேட்டவன் மலையளவு என்று கேட்டிருந்தான். அவள் ஸ்குரூவை மரை தீருகிற மட்டும் திருகிக்கொண்டே போனாள்.

முதல் ஏற்றத்திலேயே லாரி கும்பிடு வளைவில் நிற்கவில்லை. கும்பிடுவதற்காகக் கையைத் தூக்கிய சனம் கையை இறக்குவதற்குள் வளைவு பின்னால் போய்விட்டது, "அடங்கொப்புரானே, கும்புடக்கூட உட மாட்டேங்குதே" என்று ஒரு கிழவர் கோபித்துக்கொண்டார். அதெல்லாம் நல்ல பம்புக்கு நடக்கிறதுதான். அடுத்த வாரம் அறப்பளி வந்து, போட்ட டீசல் தீரவே மாட்டேன் என்கிறது என்று சொன்னபோதுதான் வசந்தாமணி ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"இழுவை வெச்ச பம்பு டீசலக் குடிக்காம என்ன பண்ணும்? பொய் சொல்லாதீங்ணா."

"சாமி சத்தியமாங்க. மேல போயிட்டு வந்தும் டேங்கு தளும்புது."

சேதி பரவியதும் கருங்கல்மேட்டு லாரி ஓனர்கள் தேனீயாட்டம் மொய்த்துவிட்டார்கள். இழுவையும் கொடுத்து மைலேஜும் கொடுக்கிற பம்பு! லாரி சங்கத் தலைவர் நல்லதம்பி, வெள்ளை வேட்டி அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் அறப்பளி வண்டிக்கு அடியில் படுத்துப் பம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வசந்தாமணிக்கு மட்டும் கணக்கு உதைத்தது. இல்லாத கடையைத் தான் எப்போது திறந்தோம் என்று யோசித்தபடி, ஒரு சுமை சிமெண்டோடு கிளம்பிய லாரியில் அவளும் ஏறி உட்கார்ந்தாள்.

பாதி ஏற்றத்தில் அவள் கண்ணாடி வழியே பின்னால் பார்த்தாள், எல்லாம் விளங்கிவிட்டது. லாரி மலையில் ஏறிக்கொண்டிருக்கவில்லை. டயர்கள் ரோட்டைக் கவ்விப் பிடித்து மலையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன, மலை முணுமுணுப்பு இல்லாமல் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது, நடுவில் கிடந்த கடலைக்காடு சேலைக் கொசுவம்போல மடிந்து மடிந்து மலைக்கடியில் போய்க்கொண்டிருந்தது. டீசல் தீராததற்குக் காரணம் தூரம் தீர்ந்துகொண்டிருந்ததுதான். "ஓ, அப்படியா சங்கதி" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் திரும்பி உட்கார்ந்தாள். மனசுக்குள் மட்டும், தான் வைத்த பம்பிலேயே இதுதான் பம்பு என்று ஒரு பெருமை குப்பென்று பொங்கியது, அதை மறைக்க முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், லாரிக்காரர்கள் ஊரய்யா அது, இழுவை என்ற சொல்லுக்கு அங்கே யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். வாரம் ஒரு காட்டு அகலம் மலை வந்தது. கத்திரி வெயிலில் கருங்கல்மேட்டுக்காரர்கள் மஃப்ளர் கட்டிக்கொண்டு திரிந்தார்கள், டீக்கடையில் மோர் வாங்க ஆளில்லாமல் சுக்குக் காப்பிக்கு அடிதடி நடந்தது, சாயங்காலமானால் மூடுபனி பஜாருக்குள் வந்து ஜவுளிக்கடை வாசலில் நின்றது. டவுன் பஸ் கண்டக்டர், மடிந்துபோன நிறுத்தங்களின் பேரையெல்லாம் ஒரே மூச்சில் சேர்த்துக் கூவி எல்லாரையும் ஒரே இடத்தில் இறக்கிவிட்டார், அவரவர் தோட்டத்தை அவரவர் தேடிக்கொண்டு போனார்கள். செல்லாண்டி என்பவருடைய கடலைக்காடு அப்படியே மலைச்சரிவில் ஏறிப் போய்விட்டது, பிடுங்கிப் பார்த்தால் கடலையில் மிளகு வாசம் அடித்தது, நல்ல விலைக்குப் போனது, அவருக்கு ஒரே குறை, "எருமைக்குத்தானுங்க மூச்சு வாங்குது" என்பதுதான். சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தார், நின்று மலையைப் பார்த்தார், மறுபடி அளந்தார், பலாச்சுளை கொடுத்தார்கள், சாப்பிட்டார், "அளந்த வரைக்கும் சரியாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மலைச்சனம் தலையில் பலாப்பழத்தோடு நடந்தே சந்தைக்கு வந்தது, பொழுதோடு நடந்தே திரும்பியது, காய்ச்சல்காரர்களைத் தொட்டில் கட்டித் தூக்கிவந்த காலம் போய், காய்ச்சல்காரர்களே நடந்து வந்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஊர்நியாயம் பேசிவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் மேலாகத் தங்காயி, மாசம் ஒருக்கா வீட்டுக்குப் போனவள் வாரம் ஒருக்கா போனாள், வாரம் ஒருக்கா போனவள் தினமும் போனாள், ஒருநாள் ஆஸ்டல் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, வசந்தாமணியின் கடை வாசலில் நின்று, "அத்தே, நான் இனிமேட்டு ஊட்லதான் படுப்பேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அன்றைக்கு வசந்தாமணி மத்தியானச் சோற்றை மறந்து, வேலை செய்யாமல் வெறுமனே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில் லாரிக்குக் கிளச் பிளேட் தேய்ந்து, ஒருநாள் முழுக்க ஓடாமல் நின்றது. மலைக்குத் தன் பழைய இடத்தின்மேல் ஆசை இருக்காதா? இழுக்க ஆளில்லை என்றதும் அது மெல்லப் பின்வாங்கத் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டுத் தங்காயி எப்போதும்போல நடக்கத் தொடங்கினாள், மடிந்த காடுகள் அவள் காலடியில் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டே போயின, அவள் வேகமாக நடந்தாள், மலையும் வேகமாகப் போனது. பொழுது சாய்கிற நேரம் வசந்தாமணியும் அறப்பளியும் ஓடிப்போய்த் தேடியபோது, நடுக் கடலைக்காட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "நடந்துக்கிட்டேதானப்பா இருந்தேன்," என்றாள், "அது போயிக்கிட்டே இருந்துச்சு."

அறப்பளி மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அத்தனை பெரிய பிள்ளையை யாரும் தூக்குவதில்லை, ஆனால் அவன் லாரி வரை இறக்கவே இல்லை. அதற்குப் பிறகு நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காமல் தினமும் வண்டியை ஏற்றினான். ஏற்றாவிட்டால் மலை போகிறது. ஏற்றினாலோ மலை வந்துகொண்டே இருக்கிறது. அப்படி வந்து வந்து, ஒருநாள் காலையில் வசந்தாமணி கடையின் பின்சுவரில் ஏதோ உரசுகிறதே என்று போய்ப் பார்த்தால், தேனடை மலையின் அடிவாரம் தகரத்தில் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தது.

சங்கத்துக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். மலைச்சனம் ஒரு பக்கம், ஊர்ச்சனம் ஒரு பக்கம். நல்லதம்பி தொண்டையைச் செருமினார்.

"அம்மிணி, நீங்க வெச்ச பம்ப நாங்க கையெடுத்துக் கும்புடறோம். ஆனா இதுக்கு மேல வந்தா மொதல்ல போறது உங்க கடைதான். பம்பக் கொறச்சு வெச்சுருங்க."

"கடைய வேற எடத்துல போட்டுக்கலாமில்ல?" என்று மலைப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"காங்கிரீட்டப் பேத்தா அந்த மட்டம் மறுபடி கெடைக்காது," என்றாள் வசந்தாமணி. "மட்டம் இல்லாத பெஞ்சுல பம்பு வெக்கறதும் கண்ணக் கட்டிக்கிட்டு ஊசில நூல் கோக்கறதும் ஒண்ணு. அந்தக் கடைதான் நான், வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல."

அறப்பளி எழுந்தான், தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு சொன்னான். "கொறச்சிருங்க அம்மிணி. எங்குளுக்காவ உங்க பொழப்பு போவ வேண்டாம். புள்ள பழையபடி ஆஸ்டல்ல இருந்துக்கும்." முறுக்குகிற அந்த விரல்களை வசந்தாமணி பார்த்தாள், ஆஸ்டல் கேட்டுக் கம்பி ஞாபகம் வந்தது, அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"போவவும் உட மாட்டேன், வரவும் உட மாட்டேன்," என்றாள். "மலைய நிறுத்திக் காட்டறேன். லோடு வேணும், எல்லாரும் வண்டில ஏறுங்க."

வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்று விட்டுவிடுவது யாருக்கும் முடியும். லாரி இழுக்கிற இழுப்பும் மலை பின்வாங்குகிற வேகமும் சரிக்குச் சரியாகி, வராமலும் போகாமலும் ஒரு மலையை நிறுத்துகிற அளவு எந்தப் பெஞ்சிலும் கிடையாது, அதை ஏற்றத்தில்தான் பிடிக்க வேண்டும். கூட்டத்தில் சண்டை போட்ட சனம் மொத்தமும் லாரியில் ஏறியது, நல்லதம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தில் கால் வைத்து ஏறினார், செல்லாண்டி எருமையையும் ஏற்றலாமா என்று கேட்டுத் திட்டு வாங்கினார். கேபினுக்குள் இஞ்சின் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வசந்தாமணி சூட்டோடு சூடாகக் குந்தி உட்கார்ந்து, ஓடுகிற பம்பின் ஸ்குரூவில் ஸ்பேனரைப் போட்டாள். பின்னால் நின்ற சனம் அவள் கடையின் தகரக் கூரையையே குறியாகப் பார்த்துக்கொண்டு கத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

லாரி ஏறியது. "வருது! வருது!" என்று சனம் கத்தியது, அவள் ஒரு பொட்டு குறைத்தாள். "இன்னும் வருது!" மறுபடி குறைத்தாள். "போவுது, போவுது! அம்மிணி, மலை போவுது!" என்று மலைச்சனம் அலறியது, அவள் கூட்டினாள். வருது, போவுது, வருது, போவுது என்று சாமியாட்டத்துக்கு உடுக்கை அடிக்கிற மாதிரி சனம் கத்த, கறுப்புப் புகை பழுப்பாகி, பழுப்பு வெளுத்து, வெளுத்தது இல்லாமலே போய், இஞ்சின் சத்தம் கெட்டித் தயிர் மாதிரி ஒரே சீராக உறைந்தது, எண்ணெய் தெறித்து, புறங்கை கொப்பளித்து, காதை மட்டும் நம்பி அவள் ஸ்குரூவை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டிருந்தாள். கும்பிடு வளைவில் லாரி திரும்பியபோது பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நல்லதம்பிதான் முதலில் மெல்லச் சொன்னார். "நின்னுருச்சு." அவள் நட்டை இறுக்கினாள். அட்ரா சக்கை என்று எவனோ கூவ, மலைச்சனமும் ஊர்ச்சனமும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அறப்பளி ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். பம்பு வைக்கிறதில் அதற்குமேல் ஒரு வேலை இந்த உலகத்தில் யாரும் செய்ததில்லை, யார் வேண்டுமானாலும் மறுத்துப் பேசட்டும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கீழே வந்து பார்த்தால், வருது வருது என்று கத்திய நேரத்தில் வர வேண்டியது வந்துவிட்டிருந்தது. மலை கடையைப் பெயர்க்கவில்லை, நோகாமல் ஏந்தித் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தது. தகரக் கூரை ஒரு பக்கம் தூக்கி, காங்கிரீட் தரை சரிந்து, பெஞ்சு தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. வசந்தாமணி உள்ளே போய் ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். அதில் குமிழி ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

"ஒரு பொட்டு கொறச்சீங்கன்னா வழுக்கிப் பின்னாடி போயிருமுங்க, கடை தப்பிச்சுக்கும்," என்றார் நல்லதம்பி, குரல் இறங்கி. அறப்பளி போய் இஞ்சின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். வசந்தாமணி ஏறி நட்டில் ஸ்பேனரைப் போட்டாள். ஒரு தரம் தளர்த்தினால் நின்ற இடம் மறுபடி கைக்குச் சிக்குமா என்பது அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. சிக்காவிட்டால் காடு விரிந்துகொண்டே போகும். சிக்கினால் கடை இருக்கும்.

அந்த நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டது. ரோட்டைத் தாண்டித் தங்காயி வந்தாள், கையில் அந்த வருசம்தான் ஒன்றாவது சேர்ந்த மலைப்பையன் ஒருவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு. அவன் கால் வலிக்கிறது, இன்னும் எத்தனை தூரம் என்று சிணுங்கிக்கொண்டே வந்தான். தங்காயி சனத்தையும் பார்க்கவில்லை, சாய்ந்த கடையையும் பார்க்கவில்லை, பஸ் ஜன்னலோரம் தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி நாம் எல்லாரும் தினமும் சொல்லுகிற அதே பேச்சை, அதில் ஒரு அதிசயமும் இல்லாதவளாகச் சொன்னாள்.

"அழுவாதடா. ஊரு வந்துருச்சு பாரு."

வசந்தாமணி நட்டை இறுக்குகிற பக்கமே இன்னொரு அழுத்து அழுத்திவிட்டு ஸ்பேனரை எடுத்தாள்.

"தலைவரே, அங்க நின்னுக்கிட்டு என்ன பாக்கறீங்க?" என்றாள். "பெஞ்சுக்கு முட்டுக் குடுக்கோணும், நல்ல கல்லாப் பாத்து எடுத்துட்டு வாங்க."

நல்லதம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் பொறுக்கப் போனார்.